போலீஸ் போனில் கூப்பிட்டால் போக வேண்டுமா?

கேள்வி: என் தம்பி மினி லாரி ஓட்டுகிறான். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் புகார் கொடுத்ததாக ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் என்று ஒரு படம் அனுப்பினார்கள். போனவனைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து, எழுதாத தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். செல்போன் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. மறுபடியும் வரச் சொல்கிறார்கள். போகாமல் இருக்கலாமா? தனிமனித சுதந்திரம் என்று பாடத்தில் படித்தோமே, அது எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டா? இனியாவது நிலைமை மாறுமா?
- வாசகர், குடியாத்தம் வட்டம்

பதில்: தம்பி ஒளிந்துகொள்ள வேண்டாம். அது அவருக்கு எதிராகவே திரும்பும். ஆனால் போன் அழைப்பை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம். "எழுத்தில் கொடுங்கள் சார், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லட்டும். சட்டமே அதைத்தான் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 179-வது பிரிவுப்படி, சாட்சியாக ஒருவரை அழைக்க எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பெண்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், 15 வயது நிரம்பாத சிறுவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவே முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். தம்பி பெயர் புகாரிலேயே இருந்தால் 35-வது பிரிவில் நோட்டீஸ் வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. முறைப்படி நோட்டீஸ் வந்து, அதன்படி ஆஜராகி வரும் ஒருவரை, காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்யக் கூடாது.

எனக்கு அதிகக் கவலை அந்த எழுதாத தாள்தான். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்திலேயே சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்கிறது 181-வது பிரிவு. அப்படியிருக்க, வெற்றுத்தாளில் வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை தாள், யார் வாங்கினார்கள் என்று எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலும் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். ஸ்டேஷன் கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மகனைக் காலை 5 மணிக்குக் கைது செய்ததாகக் காகிதத்தில் இருந்தது. முந்தைய இரவு 8.40-க்கு ஸ்டேஷனிலிருந்து வந்த அழைப்பு அவர் போனில் அப்படியே பதிவாகி இருந்தது. சேலை முந்தானையில் சுற்றிவைத்திருந்த அந்தப் பழைய போன்தான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் ஆதாரம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதால் அந்த எட்டு மணி நேர வித்தியாசம் சின்ன விஷயமில்லை. உங்கள் வீட்டிலும் அழைப்புப் பதிவுகளை அழிக்காதீர்கள்.

சரி, சுதந்திரம் உங்களுக்கு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அந்தச் சண்டையில் நம் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், நெற்றியில் குறி இடாதே, கடுக்கன் போடாதே, தாடியை எடு, புதுத் தலைப்பாகை கட்டு என்று வந்த உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. தன் உடம்பைப் பற்றி இன்னொருவர் முடிவெடுப்பதை அவர்கள் ஏற்கவில்லை.

குடியரசான பிறகு இந்தக் கேள்வி முதலில் மதராஸ் மாகாணத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950-ல் வழக்குப் போட்டார். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்கத் தேவையில்லை என்ற அளவில் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், இன்னும் கீழே இறங்கினோம். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கக்கூட நீதிமன்றம் போக முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அவருக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமல் போயிற்று. 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில்தான், சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றானது. 1976 தீர்ப்பு தவறு என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின் தீர்ப்பு சொன்னது. கடைசியாக 2025 நவம்பரில், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் தம்பிக்கு அது தமிழில் கிடைக்க வேண்டும்.

இனி என்ன ஆகும்? எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பயம் குண்டாஸை, அதாவது குண்டர் தடுப்புச் சட்டத்தை நினைத்து. 1982-ம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தில், வழக்கு விசாரணை முடியாமலே ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். சாதாரணச் சட்டத்தில் கையாளக்கூடிய விஷயத்துக்குத் தடுப்புக்காவல் கூடாது என்று 2011-ல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும், அடைத்துவைத்தவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவோடு சென்னைக்கு அலையும் குடும்பங்களை இன்னமும் பார்க்கிறேன். அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து வருவதற்குள் பாதி ஆண்டு உள்ளேயே கழிந்திருக்கும். அந்த நாட்களை யார் திருப்பித் தருவது? இந்தச் சட்டம் சுருங்கினால்தான் நாடு சரியான திசையில் போகிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

இன்னொன்று செல்போன். ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் அதற்குள் இருக்கிறது. 2017 தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஆனால் கடவுச்சொல்லைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசவில்லை. அடுத்த பெரிய வழக்குகள் இங்கிருந்துதான் வரும். தம்பியின் போனைக் கைப்பற்றியதாகச் சொன்னால் அதற்கான மகஜரின், அதாவது கைப்பற்றியதை எழுதிவைத்த பதிவின், நகலைக் கேளுங்கள். மகஜர் போடவில்லை என்றால் போனைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மறுபடி போகும்போது நீங்களும் கூடப் போங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு 38-வது பிரிவில் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது சத்துவாச்சாரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் வாருங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வரும்போது அந்த வாட்ஸ்அப் படத்தையும் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.