ரெஸ்யூம் குவியலும் சாஃப்ட்வேரும்: கேள்வி பதில்

கோவையில் பதினோரு வருடமாகச் சின்னதாக ஒரு வேலைவாய்ப்பு கன்சல்டன்சி நடத்துகிறேன். ஆபீஸில் மூன்று பேர். வேலை தேடுபவர்களின் ரெஸ்யூம்களைச் சேர்த்து வைத்துக் கையாள்வது பற்றி இதே தொழிலில் இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து: மேடம், நாலாயிரம் ரெஸ்யூம்தான் இருக்கிறது. எக்செல் போதாதா?

எண்ணிக்கைக்குத் தாராளமாகப் போதும், பத்து லட்சம் வரிசைக்கு மேல் தாங்கும். ஆனால் யாரை, எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினோம் என்பது அதில் ஒழுங்காக நிற்காது. ஆளை எடுக்கும் கம்பெனி நமக்குத் தரும் ஃபீஸே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சி அனுப்பினால், முதலில் அனுப்பியவருக்குத்தான் பணம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், தேதியைக் காட்ட முடியாமல் எனக்கு ஒருமுறை கைநழுவிப் போனது. அந்த வாரமே, இதையெல்லாம் பதிந்து வைக்கும் ஆள்சேர்ப்பு சாஃப்ட்வேருக்கு மாறினேன்.

திருச்சியிலிருந்து: எதை வாங்கலாம்?

ஸோஹோ ரெக்ரூட் நம்மூர் நிறுவனத்துடையது, மாதச் சந்தா. ஓப்பன்கேட்ஸ் இலவசம், ஆனால் சர்வரில் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். எதுவானாலும், ரெஸ்யூம் ஃபைல்களோடு மொத்த டேட்டாவையும் வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே எடுத்துப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து: ஒரே ஆள் மூன்று தடவை பதிவாகிறார், அக்கா.

நம் பெயர்களுக்கு இது வந்தே தீரும். எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா மூவரும் ஒருவரே என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். லட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். அதனால் பெயரை நம்பாதீர்கள். செல் நம்பர்தான் அடையாளம். முன்னால் வரும் 91, பூஜ்யம் இரண்டையும் நீக்கிப் பத்து இலக்கமாக வையுங்கள். நம்பர் மாறியவர்களுக்கு இமெயிலும் பிறந்த தேதியும் கைகொடுக்கும்.

மதுரையிலிருந்து: வெல்டர் என்று தேடினால் பாதிப் பேர் வருவதில்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த ரெஸ்யூம்களாக இருக்கும். அவை வெறும் படம், உள்ளே எழுத்து இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும், கொஞ்சம் பிழையோடு. நான் அதற்குக் காத்திருப்பதில்லை. ஐடிஐ பையன்கள் அனுப்பினால் டிரேட் (படித்த தொழில்), அனுபவம், வாங்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் (இப்போதைய வேலையை விட எத்தனை நாள் ஆகும்), எந்த ஊருக்குப் போவார்கள் என்ற ஐந்தையும் போனிலேயே கேட்டு டைப் செய்துவிடுவோம். இரண்டு நிமிட வேலை. நல்ல வேலைக்காரப் பையன் டைப் செய்த ரெஸ்யூம் இல்லாத ஒரே காரணத்துக்காக வாய்ப்பை இழப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சேலத்திலிருந்து: பழைய ரெஸ்யூமை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது; எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை மெசேஜ் அனுப்பி, "இன்னும் வேலை தேடுகிறீர்களா, விவரத்தை வைத்திருக்கலாமா?" என்று கேட்கிறோம். வேண்டாம் என்றவர்களுடையதை அன்றே அழித்துவிடுகிறோம். ஆதார் நகலை வாங்கி வைப்பதே இல்லை. சேருகிற கம்பெனி கேட்கும்போது அவரே நேரில் கொடுக்கட்டும்.