சிங்கப்பூர் பெர்மிட்: அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?

காரைக்குடியிலிருந்து கட்டட வேலைக்குக் கிளம்பும் தம்பி கேட்டது: "அங்கே வேலையில் அடிபட்டால் அரசாங்கம் பார்க்குமா? சம்பளத்தைக் குறைத்தால் யாரிடம் போவது?"

தம்பி, சிபிஎஃப் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஒர்க் பெர்மிட்காரருக்குக் கிடையாது. உங்களைக் காப்பது வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம். உடலுழைப்பு வேலை என்றால் சம்பளம் எவ்வளவானாலும் முதலாளி இதற்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும். தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை. குடிபோதையில் அடிபட்டால் சிக்கல். ஆஸ்பத்திரிச் செலவு தவிர, வெளிநோயாளி எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்பு 60 நாள் வரை முழுச் சம்பளம் உண்டு. அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஒரு வருடம் வரை. நிரந்தர ஊனத்துக்குத் தனித்தொகை.

கெடுவது டாக்டர் முன்னால்தான். "ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, கம்பெனி பார்த்துக்கும்" என்று சூப்பர்வைசர் காதில் ஓதுவார். சொல்லவே சொல்லாதீர்கள். டாக்டர் எழுதும் அந்த ஒரு வரிதான் பிறகு சாட்சி. எந்த இடம், எத்தனை மணி, என்ன வேலை, பக்கத்தில் யார் என்று அன்றைக்கே போனில் குறித்துப் படமும் எடுங்கள். ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லேசான வேலை மட்டும் செய்யச் சொன்னாலும், கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் மறைத்தாலும் நீங்களே கோரலாம், கெடு ஒரு வருடம். வழக்கு நடக்கும்போது பெர்மிட் ரத்தானால் தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் இருக்கிறது.

சம்பளத்துக்கு ஐபிஏ கடிதம்தான், அதாவது பெர்மிட்டுக்கு முன்னால் மனிதவள அமைச்சு தரும் ஒப்புதல் கடிதம்தான் ஆதாரம். தமிழிலும் வரும், விமானம் ஏறுமுன் வாங்கி அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் பாருங்கள். ஏஜென்ட் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பார், அதில் அடிப்படை 600தான் இருக்கும். ஓவர்டைம் கணக்கு அந்த 600க்குத்தான்: 600ஐ 12ஆல் பெருக்கி, வருடத்தின் 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 3.15 வெள்ளி, ஒன்றரை மடங்கு 4.72. உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஐபிஏ தொகையைக் குறைக்க முடியாது. அதனால் புரியாத தாளிலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊரில் மொய் நோட்டில் 200 ரூபாயைக்கூடப் பேர், ஊர் போட்டு எழுதுகிறோமே, அதேபோல வந்த நேரம், போன நேரம் தினமும் எழுதுங்கள். சம்பளப் புகாருக்கு டிஏடிஎம் என்ற சமரச அமைப்புக்குப் போகவேண்டும். வேலையில் இருக்கும்போது ஒரு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். வேலையை விட்டபின் ஆறே மாதம். ஐபிஏ நகல் ஒன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.