1780 என்று போட்ட நாணயம்: இணையத்தில் யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் பெரிய வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் முக்காடு போட்ட பெண், மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 1780 என்று ஆண்டு. ஒரு வீடியோவில் பெரும் தொகை என்கிறார்கள். ஒரு விற்பனைத் தளத்தில் அதற்கும் மேலே கேட்கிறார்கள். வேறொருவர் ‘வெள்ளி விலைதான்’ என்று முடித்துவிட்டார். எதை நம்புவது?

பதில்: விலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த மூன்று பேரும் உங்கள் கையில் இருக்கும் நாணயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே இன்னும் தெரியாது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மரியா தெரசா தாலர் என்ற வெள்ளி நாணயத்துக்குப் பொருந்துகின்றன. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா 1780இல் இறந்தார். ஆனால் செங்கடல் கரையிலும் அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் இந்த நாணயத்தையே கேட்டு வாங்கினார்கள். அதனால் அதே முகம், அதே ஆண்டு என்று மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பம்பாய் என்று பல நாணயச்சாலைகளில், அதுவும் 20ஆம் நூற்றாண்டில். நாணயத்தில் இருக்கும் 1780, அது பிறந்த ஆண்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் வேலை இங்கேயே பாதி குறைந்துவிட்டது. இந்த மறு அச்சைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் ‘இருநூறு ஆண்டுப் பொக்கிஷம்’ என்று ஆரம்பிக்கும் பக்கத்தை அப்படியே மூடிவிடலாம். அதை எழுதியவருக்கு அடிப்படையே தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார். நான் எந்தப் பழம்பொருளைத் தேடினாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்தப் பொருளில் எல்லோரும் ஏமாறும் இடம் எதுவோ, அதைப் பற்றி இவர் பேசுகிறாரா?

அடுத்து, நாணயத்தை அளந்து வையுங்கள். எடை சுமார் 28.07 கிராம், குறுக்களவு ஏறக்குறைய 40 மி.மீ. இருக்க வேண்டும். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் அங்கே ஓடும். போலி அடிப்பவர்கள் முகத்தை ஒப்பேற்றிவிட்டு விளிம்பில் கோட்டைவிடுவது உண்டு. எந்த நாணயச்சாலையில், எந்தக் காலத்தில் அடித்தது என்று பிரித்தறிய, உடையில் குத்தியிருக்கும் புரூச்சின் (அலங்கார ஊசியின்) முத்துகளையும் கழுகின் வால் இறகுகளையும் எண்ணுவார்கள். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் ஒரு மாலை போய்விடும், சொல்லிவிட்டேன்.

இந்தக் குறிப்புகளோடு இப்போது தேடுங்கள். நூமிஸ்டா தளம் சேகரிப்பாளர்கள் சேர்ந்து கட்டியது. எந்த நாணயம் என்று கண்டுபிடிக்க நல்ல இடம். அங்குள்ள விலையை மட்டும் வேதவாக்காக எடுக்காதீர்கள். பிரிட்டிஷ் மியூசியம், அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டி இரண்டும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்களிடம் எதையும் விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

பத்துத் தளங்கள் ஒரே தகவலைச் சொன்னால் பத்துச் சாட்சி கிடைத்ததாக நினைக்கத் தோன்றும். ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். விற்பவர் போட்ட படத்தையும் படத்தேடலில் போடுங்கள். ஏதோ ஒரு ஏலப் பட்டியலிலிருந்து எடுத்ததாக இருக்கலாம்.

இனி விலை. விற்பனைத் தளத்தில் நீங்கள் பார்த்தது ஒருவர் கேட்கும் தொகை. யாரும் கொடுத்த தொகை அல்ல. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும் கிடைக்கும். அதில் வாங்குபவர் தரும் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் கைக்கு அந்தப் பணம் வராது. அதே வகை, அதே தேய்மானம் உள்ள ஐந்தாறு விற்பனைகளை ஒப்பிட்டால் ஓர் எண் தானாகத் தெளியும். ‘வெள்ளி விலைதான்’ என்றவர் தவறாகச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. சாதாரண மறு அச்சுகள் வெள்ளி மதிப்பை ஒட்டித்தான் கைமாறும்.

சேகரிப்பாளர் குழுவில் கேட்பதானால் இரு பக்கமும் விளிம்பும் தெரியும் படம், எடை, அளவு எல்லாம் சேர்த்துப் போடுங்கள். ‘போலி’ என்றோ ‘அசல்’ என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் இறகைக் காட்டுவார், எழுத்தைக் காட்டுவார். ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்று தனிச்செய்தியில் வருபவர் சொல்லும் மதிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விற்றுத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்பவரோடு பேச்சே வேண்டாம்.

படம் பளிச்சென்று வர வேண்டும் என்று நாணயத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த தடம் அப்படியே நின்றுவிடும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.