உங்களுக்கு மிகவும் பிடித்த பிஸ்கட் எது? அறவே பிடிக்காதது எது?

பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. மாரி பிஸ்கட். பிடித்தது நடுவில் தேசிக்காய்க் கிரீம் வைத்த லெமன் பஃப். இரண்டுக்கும் காரணம் எங்கள் வீட்டு அலுமாரி.

எனக்கு ஊர் மட்டக்களப்பு, கல்லடி. சின்ன வயதில் மாரி என்றால் மாரியம்மனுடைய பிஸ்கட் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நான் முகத்தைச் சுளித்தால், "சாமியிட பேர் வச்ச சாமான், குறை சொல்லாத மனே" என்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பின்னேரத் தேத்தண்ணியோடு அதுதான் வரும் என்பதால், மாரி மழைக்கும் அதற்கும் ஏதோ உறவு என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. வளர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1874இல் ரஷ்ய ஜார் மன்னரின் மகள் மரியா, விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகனைக் கலியாணம் முடித்தார். அந்தச் சந்தோசத்தில் லண்டனில் பீக் ஃப்ரீன் என்ற கம்பனி போட்ட பிஸ்கட் இது. ரஷ்யாவில் பிறந்த மரியா எங்கள் ஊருக்கு வந்து மாரியாகிவிட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுவும் ஒரு அம்மன்தானே" என்று முடித்துவிட்டார்.

மாரியில் என்ன குறை என்று கேட்டால், குறை சொல்கிற அளவுக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் பால் மணம், அவ்வளவுதான். தேத்தண்ணிக்குள் விட்டு மூன்று எண்ணுவதற்குள் எடுக்காவிட்டால் பாதி உள்ளே விழுந்துவிடும். விரலை விட்டுத் தேடினால் சுடும். கடைசி மிடறில் களி மாதிரி ஒன்று தொண்டைக்குள் இறங்கும். அந்தக் களியைக் குடித்தே வளர்ந்தவன் நான்.

எங்கள் வீட்டில் பிஸ்கட்டுக்குச் சாதி உண்டு. மாரி நமக்கு, பழைய பால்மா டின்னில் இருக்கும். லெமன் பஃப் வெளி ஆட்களுக்கு, அலுமாரியின் மேல்தட்டில், சீலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். யாருடைய வீட்டுக்காவது போவதென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது, ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பக்கெட் லெமன் பஃப்பும் கட்டாயம். அதனால் எனக்கு லெமன் பஃப் என்பது பல வருசம் தின்கிற சாமானாகவே இருக்கவில்லை. பயணம் போகும்போது மடியில் வைத்துக் காவுகிற சாமான்.

ஒருமுறை மண்டூருக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். குருமண்வெளி வரைக்கும் பஸ், பிறகு பாதை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர். சைக்கிள், மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, ஆட்கள் எல்லாம் ஒன்றாக ஏறுவோம். பக்கெட் என் மடியில். அம்மா யாரோடோ கதைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கீழ் மடிப்பில் பெருவிரல் நகத்தால் ஒரு குத்துக் குத்தினேன். தின்பதற்கு இல்லை, சத்தியமாக மணக்க மட்டும்தான். தேசிக்காய்த் தோலைக் கிள்ளினால் கண்ணுக்கு முன்னால் ஒரு தூவல் பறக்குமே, அந்த மணம், கூடவே சீனியும் எண்ணெயும். கரை வரும்வரைக்கும் மூக்கை எடுக்கவில்லை.

பெரியம்மா பக்கெட்டை வாங்கி நேரே தன்னுடைய அலுமாரிக்குள் வைத்தார். பிறகு ஒரு தட்டில் எங்களுக்குக் கொண்டுவந்து வைத்தது மாரி.

கதை அதோடு முடியவில்லை. ஐப்பசியில் போன அந்தப் பக்கெட் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஆரையம்பதி மாமா. மண்டூரில் இருந்து களுவாஞ்சிகுடிச் சம்பந்தி வீடு, அங்கிருந்து மாமா வீடு, அங்கிருந்து நாங்கள். மாரிக்காலம் முழுக்க அந்தப் பக்கெட் ஊர் சுற்றியிருக்கிறது, ஒருவரும் உடைக்கவில்லை. எல்லோருடைய வீட்டிலும் அது ஆட்களுக்குரிய பிஸ்கட். கீழ் மடிப்பில் நகம் குத்திய ஓட்டையைக் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. மாமா போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஓட்டையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்து, "இந்த எலிக்கு ரெண்டு கால்தான் போல" என்றார்.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக வீட்டாட்களுக்கென்று ஒரு லெமன் பஃப் பக்கெட் உடைந்தது. மொறுமொறுப்பு துளியும் இல்லை, ஈரச் சீலை மாதிரி வளைந்தது. பாண் பழசானால் காய்ந்து இறுகும், பிஸ்கட் பழசானால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இளகும். பிஸ்கட்டை ஈரம் போகச் சுட்டு எடுப்பதால்தான் அதற்கு இந்தத் தாகம். இங்கிலாந்தில் ஜாஃபா கேக் என்பது கேக்கா பிஸ்கட்டா என்று 1991இல் வரி வழக்கு நடந்தபோது, பழசானால் அது இறுகுகிறது என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு கேக்தான் என்று தீர்த்தார்கள். மட்டக்களப்பு மாரிக்காலத்தில் ஒரு கிழமை வைத்திருந்தால் நீதிமன்றமே தேவைப்பட்டிருக்காது. அம்மா இரண்டை வெறும் தாச்சியில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த கிரீம் உருகித் தாச்சியில் ஓடியதுதான் மிச்சம். இளகியபடியே நாலு பேரும் இருந்து முடித்தோம். அப்போதும் அது மாரியைவிட எவ்வளவோ மேல்.

புதுப் பக்கெட் என்றால் எனக்கொரு முறை இருக்கிறது. மேல் தட்டில் சீனி பளபளக்கும், அதை நாக்கில் வைத்து முதலில் கரைய விடவேண்டும். பிறகு இரண்டையும் முறுக்கிக் கழற்றினால் கிரீம் ஒரு பக்கத்தோடு போகும். கிரீம் இல்லாத பக்கத்தை முதலில் தின்ன வேண்டும். ஒன்றாகக் கடிக்கிறவர்களோடு எனக்குப் பெரிய பகையில்லை, ஆனால் அவர்களுக்கு அவசரம் கூட.

மாரியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தோம். காலையிலும் மாரி, பின்னேரமும் மாரி. நிவாரணம் தந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கெட்டுப்போகாது, சமைக்கத் தேவையில்லை, பல் இல்லாத கிழவிக்கும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், அப்படி வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பால் மணம் வந்தால் எனக்கு ஈரப் பாயின் மணமும் கூடவே வருகிறது. சுனாமிக்குப் பிறகு அம்மாவும் கடையில் மாரி கேட்டதில்லை, அம்மன் பெயரெல்லாம் பிறகு பேச்சிலேயே இல்லை.

மற்றவை எல்லாம் இடையில்தான். கிரீம் கிரேக்கருக்குள் கிரீம் இல்லை என்பது என் முதல் ஏமாற்றம். காய்ச்சல்காரருக்குக் கொத்தமல்லித் தண்ணியோடு கொடுப்பது அது, ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்கப் போகிறவர் கையில் இருப்பதும் அது. ஆனால் இரண்டு கிரேக்கருக்கு இடையில் மாஜரினும் சீனியும் பூசி அமத்தினால், ஓட்டை ஓட்டையாக மஞ்சள் புழு எட்டிப்பார்க்கும். அதை நக்கும் சுகத்துக்காகவே பொய்க்காய்ச்சல் வரும். இஞ்சி பிஸ்கட்டுக்கு என்னிடம் மரியாதை உண்டு, சீனி கூடப் போட்டு இறுக்கியது, தேத்தண்ணிக்குள் பத்து எண்ணும்வரை தாங்கும். எங்கள் அம்மம்மா எல்லாவற்றையும் விசுக்கோத்து என்றுதான் சொல்வார். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல், பத்து வருசத்தில் ஒல்லாந்தர் வந்து பிடித்துவிட்டார்கள். பிஸ்கோயித்து என்ற போர்த்துக்கேயருடைய சொல் மட்டும் அம்மம்மாவின் வாயில் தங்கிவிட்டது.

மாரிக்கு ஒரே ஒரு மன்னிப்பு இருக்கிறது, பிஸ்கட் புடிங். மாரியைப் பாலில் தொட்டுத் தட்டில் அடுக்கி, பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ அடித்த கலவையை மேலே பூசி, திரும்ப மாரி, திரும்பக் கலவை, அப்புறம் ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில். அங்கே மாரிக்கென்று தனி ருசி இல்லாததே நல்லதாகப் போய்விடுகிறது. மனைவி பிறந்தநாள்களுக்கு இதைச் செய்வார், மாரி வாங்கி வரவேண்டியது நான். கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. நானாகவே "புடிங்குக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன்.