தானியங்கிக் கருவியை ஓட்டினால் 1.10 என்பது 1.1 ஆகிறது: பதில்

ஏபிஐ விவரக்குறிப்புக் கோப்பைத் தானியங்கிக் கருவி திரும்ப எழுதும்போது 1.10 என்ற பதிப்பு எண் 1.1 ஆகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பதிப்பு எண்ணை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்: "1.10". அதன் பிறகு கருவி அதை 1.1 என்று சுருக்காது.

உங்கள் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) விவரக்குறிப்புக் கோப்பு யாமல் (YAML) என்ற உரை வடிவில் இருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மேற்கோள் இல்லாத 1.10 அங்கே தசம எண்ணாகப் படிக்கப்படுகிறது. திரும்ப எழுதும்போது கடைசிப் பூஜ்யம் உதிர்ந்துவிடுகிறது. ஏபிஐ விவரக்குறிப்புகளுக்கான ஓப்பன்ஏபிஐ (OpenAPI) தரநிலையின் விதிப்படி பதிப்பு எண் புலம் எழுத்துச்சரமாகவே (எண்ணாக அல்ல, உரையாக) இருக்க வேண்டும். எனவே கருவியின் மீது பழி போட வேண்டாம். பிழை கோப்பிலேயே இருந்தது. நாட்டுக் குறியீடுகள் இருந்தால் அவற்றையும் உடனே பாருங்கள். நார்வேயைக் குறிக்கும் NO என்ற இரண்டெழுத்து, மேற்கோள் இல்லாவிட்டால், யாமல் வடிவத்தின் 1.1 பதிப்பைப் பின்பற்றும் நூலகங்களில் 'இல்லை' என்று பொருள்படும் பூலியன் (ஆம்/இல்லை வகை) மதிப்பான false ஆகிவிடும். இது பதிப்பு எண்ணைவிட ஆபத்தானது, ஏனென்றால் எளிதில் கண்ணில் படாது.

சோதிக்க ஒரு வழி: கோப்பில் எதையும் திருத்தாமல் கருவியை ஒருமுறை ஓட்டி, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (git) காட்டும் வேறுபாட்டைப் பாருங்கள். மாறியிருக்கும் ஒவ்வொரு வரியும் கருவி தானாகச் செய்தது. அந்த வரிகளுக்கெல்லாம் மேற்கோள் தேவையா என்று பாருங்கள்.

ஆனால் கோப்பில் '#' குறியுடன் தொடங்கும் குறிப்புரைகள் காணாமல் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேற்கோள் குறி உதவாது. பைத்தான் நிரல்மொழியில் யாமல் கோப்புகளைப் படிக்கும் பையாமல் (PyYAML) நூலகம் படிக்கும்போதே குறிப்புரைகளை விட்டுவிடும். அதே வேலையைச் செய்யும் ருவாமெல் (ruamel.yaml) நூலகம் அவற்றைக் காப்பாற்றும். கருவியை மாற்ற முடியாவிட்டால், முக்கியமான குறிப்புகளைக் கோப்பின் விளக்கப் புலத்துக்குள் (description) நகர்த்திவிடுங்கள்.