விளக்கு எரிந்தால் போதுமா? பழைய வால்வு சாமான் வாங்குவோருக்கு

கேள்வி: பழைய வால்வு டெஸ்டர் (ரேடியோ, ஆம்பிளிஃபையரில் இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வுகளைச் சோதிக்கும் கருவி) ஒன்று விலைக்கு வருகிறது. எந்த வால்வைச் செருகினாலும் மீட்டர் முள் ‘நல்லது’ என்னும் பச்சைக்குப் போகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: எந்த வால்வைச் செருகினாலும் பச்சை என்றால் அதுவே சந்தேகத்துக்கு இடம். முதலில் அது எந்த ரகம் என்று பாருங்கள். எமிஷன் டெஸ்டர், வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுகளை, கரண்டை வாங்கும் பிளேட்டோடு சேர்த்துக் கட்டி வால்வை வெறும் டையோடாக்கிவிடும். சூடேறும் முனையான கேத்தோடிலிருந்து கரண்ட் வருகிறதா என்று மட்டும் சொல்லும். கிரிட் கட்டுப்படுத்துகிறதா என்பது அதற்குத் தெரியாது. மியூச்சுவல் கண்டக்டன்ஸ் டெஸ்டரோ கிரிட்டில் சிறு சிக்னலைக் கொடுத்து, பிளேட் கரண்ட் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும். ஹிக்காக் 539, டிவி-7 என்ற டெஸ்டர் மாடல்கள் எல்லாம் இந்த ரகம். விலை அதிகம்; ஆனால் அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது.

ஹிக்காக் ரகத்தில் 83 என்ற பாதரச ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும்) வால்வு இருக்கும். அது நீலமாக ஒளிர்ந்தால் பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. அதை எடுத்துவிட்டு சிலிக்கான் டையோடு போட்டிருந்தால், பிறகு அளவு சரிசெய்தார்களா என்று கேளுங்கள். நல்லது என்று தெரிந்த வால்வு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் சோதியுங்கள். ஷார்ட் சோதனைதான் முதலில். ஷார்ட்டான வால்வை நேரே அளந்தால் மீட்டரே போய்விடலாம். நான்கைந்து வால்வு மட்டும் வைத்திருப்பவருக்கு டெஸ்டரே தேவையில்லை, மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு உபரி ஜோடி போதும்.

கேள்வி: ‘பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்’ வால்வு என்று விற்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெட்டியைப் பார்க்காதீர்கள், பின்னைப் பாருங்கள். பயன்படுத்திய வால்வு என்றால் சாக்கெட்டில் செருகி எடுத்த கீறல் தெரியும். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சாக இருப்பது கெட்டர், உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சுவது. அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. பிராண்ட் பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கரண்டே காணாத வால்வு ரேடியோ வாங்கினேன். பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கெட்டுப்போன பழைய கண்டென்சர் (மின்தேக்கி) டிரான்ஸ்பார்மரை எரித்துவிடலாம். டிரான்ஸ்பார்மர் எரிந்தால் மாற்றுக் கிடைப்பது கடினம். கண்டென்சர் எங்கும் கிடைக்கும். முதலில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத செட்டுகளில் மெயின்ஸின் ஒரு முனை நேரே சேசிஸில் (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தில்) இருக்கும், பிளக் திரும்பினால் சேசிஸே ஷாக் அடிக்கும். செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எல்லாவற்றிலும் அவசரமானது, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர், பெரும்பாலும் 0.01 மைக்ரோபாரட் அளவில் இருக்கும். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு சிவந்து, டிரான்ஸ்பார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் போடுங்கள். ஃபில்டர் கண்டென்சரை மாற்றும்போது ‘பெரிசா இருக்கட்டும்’ என்று 100 மைக்ரோபாரட் போட்டுவிடாதீர்கள். ஈஇசட்80 போன்ற ரெக்டிஃபையருக்கு முதல் கண்டென்சரின் உச்சம் 50 மைக்ரோபாரட்.

பிறகு 60 வாட் இழை பல்பு ஒன்றை செட்டோடு சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள் (எல்இடி உதவாது). பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மெதுவாக ஏற்றினால் கண்டென்சர் தேறும் என்பார்கள். ஆனால் வால்வு ரெக்டிஃபையர் செட்டில் வால்வுக்குள் இருக்கும் ஹீட்டர் இழை சூடேறும்வரை ஹெச்டி (பிளேட்டுக்கான உயர் டிசி வோல்ட்) வராது, அதனால் அந்த முதல் பாதியில் எதுவுமே நடக்காது.

பல்பை எடுத்தபின், அவுட்புட் வால்வு இஎல்84 என்றால் 2ஆம் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் பாசிட்டிவ் காட்டினால் கசிவு இன்னும் இருக்கிறது, அல்லது வால்வே கிரிட் கரண்ட் இழுக்கிறது. டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டில் வால்வைக் கழற்றிவிட்டு அளந்தால் எது என்று பிரிந்துவிடும். ஹீட்டர்களை எல்லாம் ஒரே வரிசையில் கோத்த சீரிஸ் ஹீட்டர் செட்டில் கழற்றினால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். சேசிஸில் கை வைக்குமுன், ஃபில்டர் கண்டென்சரை 5 வாட் 1 கிலோஓம் ரெசிஸ்டரால் காலிசெய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துக்கொள்ளுங்கள்.