இண்டு இடுக்கு

கேள்வி: ‘இண்டு இடுக்கெல்லாம் தேடிட்டேன்’ என்கிறோமே, இடுக்கு என்பது மூலைதானா? சொல் எப்படி வந்தது?

பதில்: மூலை வேறு, இடுக்கு வேறு. இரண்டு சுவர்கள் கூடினால் மூலை. இரண்டு பொருள்கள் நெருங்கி நின்று, நடுவே கொஞ்சம் இடம் விட்டால் இடுக்கு. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, பூனை குட்டி போடுமே, அந்த இடம்.

வேர் ஒரு வினைச்சொல். குடையைக் கக்கத்தில் ‘இடுக்கிக்கொண்டான்’ என்கிறோம் இல்லையா? இரு பக்கமும் நெருக்கிப் பிடிப்பதுதான் இடுக்குதல். அப்படிப் பிடிக்கிற கருவி இடுக்கி. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது அது பாத்திரத்தின் விளிம்பைக் கவ்வுவதைப் பாருங்கள், சொல்லின் பொருள் கண்ணுக்கே தெரியும்.

கேரளத்து இடுக்கியும் இதே உறவுதான். குறவன், குறத்தி என்ற இரு மலைகளுக்கு நடுவே பெரியாறு நெருக்கியடித்துப் பாயும் இடுக்கால் வந்த பெயர். அங்கேதான் வளைவு அணையைக் கட்டினார்கள். 1972இல் மாவட்டத்துக்கும் அதுவே பெயரானது. எனக்கு மிகவும் பிடித்த ஊர்ப்பெயர் இது. நிலத்தைப் பார்த்து அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், ‘முடுக்கு’. அது சந்துக்கும் சின்னதான வழி. நெல்லைப் பக்கம் இன்றும் பேச்சில் இருக்கிறது. ‘மூலை முடுக்கு’ என்பதில் வருவதும் அதுதான்.